இமைப்பொழுது

பிறருக்கு யோசனை சொல்வதில் எழுத்தாளனுக்குத் தனிச் சபலம் ஒன்று உண்டு. கதையில் வருகிற பத்துப் பேருக்கு வாழ வழி சொல்லிச் சொல்லிப் பழகிவிட்ட கை, நிஜமாகவே ஒருவர் எதிரில் வந்து உட்கார்ந்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், பேனாவை மூடிவிட்டு வாயைத் திறந்துவிடுகிறோம். கதையில் சொன்ன யோசனை தப்பிப் போனால் அடித்து எழுதிக்கொள்ளலாம். வாழ்க்கையில் அந்த வசதி கிடையாது. இந்த உண்மையை நான் தெரிந்துகொண்டதில் செலவு என்னுடையதல்ல, என் சிநேகிதர் ஒருவருடையது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

பெரம்பலூரில் அவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அவர் அப்பா வைத்த ஸ்டூடியோ. என்னைவிட வயதில் மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணன் என்றுதான் அழைப்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். 2019-ஆம் வருஷத்தில் ஒரு நாள் மாலை, கடையில் கூட்டமில்லாத நேரம், தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இன்னொரு காமிரா வாங்கலாம்னு இருக்கேன். இப்போ கண்ணாடியே இல்லாத காமிரானு ஒண்ணு வந்திருக்காமே. அதை வாங்குறதா, நம்ம பழைய வழியிலேயே போறதா?"

அண்ணனிடம் அப்போது நிக்கான் டி-750 என்ற டி.எஸ்.எல்.ஆர். காமிரா இருந்தது. என்னிடமும் அந்த ஜாதியிலேயே சின்னதாக ஒன்று உண்டு. குளிர்காலத்தில் கரைவெட்டி ஏரிக்குப் போய், எங்கிருந்தோ பறந்து வருகிற வரித்தலை வாத்துகளைப் படமெடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அவற்றின் நிம்மதியைக் கெடுப்பது என் பொழுதுபோக்கு. ஆகையால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. அபிப்பிராயத்துக்கு ஆதாரம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

"அண்ணே, இதெல்லாம் மோஸ்தர். நாலு வருஷம் இருக்கும், போயிடும். கண்ணாடி இல்லாம அது என்ன காமிரா?" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. அடுத்த மாதமே அண்ணியின் வளையல்களை வங்கியில் வைத்து, டி-850 என்ற உயர்ந்த டி.எஸ்.எல்.ஆர். காமிராவை வாங்கிவிட்டார். 2017-இல் வெளிவந்த அந்தக் காமிரா அருமையான காமிராதான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

காமிராவின் உள்விவகாரம் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. லென்ஸ் வழியாக உள்ளே வருகிற வெளிச்சம் தலைகீழான பிம்பமாகத்தான் விழும். அந்த ஒளியை வழியில் மறித்து மேலே திருப்பிவிடச் சாய்வாக ஒரு சின்னக் கண்ணாடி. அதற்கு மேலே பிம்பத்தை நேராக்கிக் கொடுக்கிற பட்டகம். அதன் பின்னால் நம் கண். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பி வழிவிடுகிறது. திரை திறந்து ஒளி உள்ளே போய்ப் படம் பதிகிறது. கண்ணாடி மறுபடி கீழே இறங்குகிறது. 'டபக்' என்று நாம் கேட்கிற சத்தத்தில் பெரும் பங்கு இந்தக் கண்ணாடியுடையது. ஒரு காலத்தில் எழும்பிய கண்ணாடி மேலேயே நின்றுவிடும். அடுத்த படத்துக்குச் சாவி கொடுத்தால்தான் இறங்கும். 1954-இல் ஜப்பானில் செய்த ஓர் அசாஹிஃப்ளெக்ஸ் காமிராவில் அது உடனே தானாகத் திரும்பி வர ஆரம்பித்தது. 1959-இல் நிக்கான் எஃப் வந்தது. அதில் லென்ஸ் மாட்டுவதற்கு வைத்த வளையத்தின் அமைப்புத்தான் அண்ணன் கையிலிருந்த டி-850 வரைக்கும் தொடர்ந்தது. பிலிம் போய் மின்னணு வந்தபோதுகூடக் கண்ணாடியை யாரும் தொடவில்லை. அறுபது வருஷம் ஆண்ட கண்ணாடி நாலு வருஷ மோஸ்தருக்கா பயப்படும் என்பது என் தர்க்கம்.

புதிய காமிராவில் இந்தக் கண்ணாடியும் இல்லை, பட்டகமும் இல்லை. லென்ஸ் வழியாக வருகிற ஒளி நேரே உணரியில் விழுகிறது. அது காணுவதை ஒரு குட்டித் திரையில் காட்டுகிறார்கள். அந்தத் திரையைத்தான் நாம் கண் வைத்துப் பார்க்கிறோம். 2008-இல் பானசானிக் கம்பெனி இப்படி ஒரு காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2013-இல் சோனி, முழு அளவு உணரியோடு செய்தது. 2018-இல் நிக்கானும் கானனும் இறங்கின. இவ்வளவும் நான் யோசனை சொல்வதற்கு முன்பே நடந்தவை. பத்திரிகையைப் புரட்டியிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

நான் வாய் திறந்த மறு வருஷம் கொரோனா வந்தது. கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்றார்கள். ஐம்பது பேர் கல்யாணத்துக்கு ஆல்பம் எதற்கு? ஸ்டூடியோ மூடிக் கிடந்தது. வளையலின் வட்டி மட்டும் மூடாமல் நடந்தது. அதே 2020-இல்தான் ஜப்பானியக் காமிராக் கம்பெனிகளின் சங்கக் கணக்கில் முதல் தடவையாகக் கண்ணாடி இல்லாத காமிரா, கண்ணாடிக் காமிராவை முந்தியது. அது ஏறக்குறைய 29 லட்சம், இது 24 லட்சம். 2012-இல் இதே கண்ணாடிக் காமிராக்கள் 1 கோடியே 60 லட்சத்துக்கு மேல் அனுப்பப்பட்டன என்பதை நினைத்துப் பாருங்கள். 2021 டிசம்பரில் கானன் கம்பெனியின் தலைவர், தங்கள் உச்ச ரகக் கண்ணாடிக் காமிராக்களில் 2020-இல் வந்ததே கடைசி என்று சொல்லிவிட்டார். 2023-இல் கணக்கு, 48 லட்சத்துக்கு ஏறக்குறைய 12 லட்சம் என்று ஆயிற்று. பென்டாக்ஸ் கம்பெனி மட்டும் கண்ணாடியை விடமாட்டேன் என்று பிடிவாதமாக நிற்கிறது. எனக்கு அந்தக் கம்பெனிமேல் ஒரு வாஞ்சை உண்டு. ஆனால் வாஞ்சை வட்டி கட்டாது.

அண்ணனின் மகன் படிப்பை முடித்துவிட்டு அப்பாவோடு தொழிலுக்கு வந்தவன். போன தை மாதத்துக்குச் சற்று முன்னால் அவன் என் வீட்டுக்கு வந்தான்.

"சித்தப்பா, நீங்க அப்பாகிட்டே சொல்லணும். இப்போ வர்ற பார்ட்டி எல்லாம் போட்டோவைவிட வீடியோதான் கேக்குறாங்க. நம்ம காமிராவுல வீடியோ எடுக்கும்போது கண்ணாடி மேலே போயிடுது. கண் வைக்கிற இடம் இருட்டு. பின்னாடி திரையைப் பாத்துத்தான் எடுக்கணும். அப்போ அதுவும் கண்ணாடி இல்லாத காமிராதானே? அதுக்கு எதுக்கு ஒரு கண்ணாடியைச் சுமக்கணும்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவனே தொடர்ந்தான். புதியவற்றில் மணப்பெண்ணின் கண்ணைக் காமிராவே தேடிப் பிடித்துத் தெளிவாக வைத்துக்கொள்கிறதாம். டி-850-ஐ இந்த வருஷம் விற்றால் ஒரு விலை, அடுத்த வருஷம் விற்றால் அதைவிடக் குறைச்சல். அரியலூரில் ஒரு ஸ்டூடியோவில் அவனை மாதச் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார்கள். அங்கே எல்லாம் புதிய காமிராக்கள். அப்பா மனசு மாறாவிட்டால் தை பிறந்ததும் போய்விடுவான்.

"அப்பா என்ன சொல்றார்?"

"சித்தப்பா சொன்னாத்தான் வாங்கினேன், சித்தப்பா சொன்னா விக்கிறேன்னு சொல்றார்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போனேன். அண்ணன் எதுவும் பேசாமல் பரண்மேல் ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே ஒன்றும் இல்லை. சுவரில் நீளமாக ஒரு கறை மட்டும் இருந்தது. "எங்கப்பாவோட என்லார்ஜர் அங்கேதான் இருந்தது, தம்பி" என்றார்.

அந்தக் காலத்தில் ஸ்டூடியோ என்றால் இருட்டறைதான். சிவப்பு விளக்கும், மருந்துத் தட்டுகளும், கொடியில் காய்கிற பிலிம்களுமாக இருக்கும். கறுப்பு வெள்ளைக்கு ஊட்டியிலிருந்து 'இந்து' பிலிம் வரும். 1960-இல் அரசாங்கம் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் பிலிம். அந்தத் தொழிற்சாலையும் இன்றைக்கு இல்லை. கோடாக் கம்பெனியே 2012-இல் திவால் மனு கொடுத்தது. ஆனால் அவர்களுக்கு வெகு முன்பே பெரம்பலூர் இருட்டறைக்குத் திவால் கொடுத்தவர் அண்ணன்தான். "அப்பா, இனி பிலிம் கிடையாது, டிஜிட்டல்தான்" என்று ஒற்றைக்காலில் நின்று, என்லார்ஜரைப் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போட்டவரும் அவரே.

"அப்பா ஒரு வார்த்தை திட்டலை. ஆனா ஒரு மாசம் கடைக்கு வரலை. நான் சொன்னது சரிதான் தம்பி. இப்போ யோசிச்சாலும் சரிதான். எடைக்குப் போட்டதுதான் தப்பு" என்றார் அண்ணன்.

தை மாதத்தில் அரியலூரில் ஒரு கல்யாணம். அண்ணனுக்கு வந்த வேலை. மகன் ஓர் ஏற்பாடு செய்தான்: தான் நிக்கான் இசட்-6 என்ற கண்ணாடி இல்லாத காமிராவை வாடகைக்கு எடுத்து வருவது, அப்பா தன் டி-750-ஐக் கொண்டு வருவது, இருவரும் எடுப்பது, நடுவில் நான். நானும் புறப்பட்டேன். குற்றவாளியையே நீதிபதியாக உட்காரவைக்கும் இந்த வழக்கம் எங்கள் பக்கத்தில் புதிதல்ல.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குக் கணக்கில்லை. சிமெண்டு ஆலைகளுக்குப் போகிற அந்தக் கல், ஒரு காலத்தில் கடலடியில் படிந்தது. இந்தப் பூமியே கடலாக இருந்தது என்பதற்குச் சாட்சியாகச் சுரங்கங்களில் அம்மோனைட் என்கிற சுருள் ஓட்டுப் பிராணிகளின் கற்படிவங்கள் கிடைக்கின்றன. இந்தப் பக்கம் சாத்தனூரில் பன்னிரண்டு கோடி வருஷத்து மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம். ஒன்று அழிந்துபோகுமா என்ற கேள்வியோடு பிரயாணம் செய்கிறவனுக்கு இதைவிட வாகான சாலை அமையாது. அம்மோனைட்டுகள் ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் அடியோடு போய்விட்டன. அவற்றின் தூரத்து உறவான நாட்டிலஸ் இன்றைக்கும் கடலில் நீந்துகிறது. இரண்டில் கண்ணாடிக் காமிரா எது என்று யோசித்துக்கொண்டே போனேன், மண்டபம் வந்துவிட்டது.

முதல் வெற்றி அண்ணனுக்குத்தான். மேடையின் பின்னால் பெரிய எல்.இ.டி. திரை போட்டிருந்தார்கள். மகன் சத்தமே இல்லாத முறையில் படம் எடுக்க ஆரம்பித்தான். எடுத்த படங்களில் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டை பட்டையாகக் கோடுகள்! எல்.இ.டி. விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிறது. உணரியை வரிவரியாக வாசிக்கிற அந்த முறையில் துடிப்பு கோடாக விழுந்துவிடுகிறது. அவன் அவசரமாகச் சாதாரணத் திரைக்கு மாற்றிக்கொண்டான். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பாட்டரியும் அவர் கட்சிதான். கம்பெனிக் கணக்கிலேயே டி-750-க்கு ஒரு பாட்டரியில் 1,230 படம், இசட்-6-க்கு 310. மகன் நலங்கு முடிவதற்குள் இரண்டு தடவை பாட்டரி மாற்றினான்.

பிறகு, முகூர்த்தத்துக்கு முன்னால், மணப்பெண்ணை ஆசீர்வாதத்துக்காக உள்ளறைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே அவளுடைய அப்பத்தா படுத்திருந்தாள். நடமாட்டம் நின்று பல மாதமாயிற்றாம். மண்டபம் வரை தூக்கி வந்திருந்தார்கள். ஜன்னல் வெளிச்சமும் ஓரமாக ஒரு குத்துவிளக்கும் தவிர அறையில் வேறு ஒளியில்லை. பெண் குனிந்தாள். கிழவி அவள் கன்னத்தைத் தொட்டுக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். அறையில் இருந்த எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அண்ணன் காமிராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். பொத்தானில் விரலும் போயிற்று. அப்புறம் மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார். அந்த நிசப்தத்தில் 'டபக்' என்று ஒரு சத்தம் போட அவருக்கு மனசு வரவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். மகன் கதவோரம் நின்றிருந்தான்; காமிரா கண்ணில் இருந்தது; ஒரு சத்தமும் இல்லை. எடுக்கவில்லையென்றே நினைத்தேன். ஆறு படம் எடுத்திருந்தான். கோடு இல்லை, கறையில்லை. கிழவியின் விரல் நகத்தில் ஒட்டியிருந்த மஞ்சள்கூடத் தெரிந்தது.

முகூர்த்தம் முடிந்து, சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபத்துப் பின்கட்டில் மூவரும் உட்கார்ந்தோம். அண்ணன் மகனின் காமிராவை வாங்கி அந்த ஆறு படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார். பிறகு அதைக் கண்ணில் வைத்து, முற்றத்தில் விளையாடிய குழந்தைகள் பக்கம் திருப்பினார்.

"டி.வி. பாக்குற மாதிரி இருக்குடா."

"ஆமாம்பா. ஆனா படம் எப்படி வரும்னு எடுக்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்."

அவர் பொத்தானை அழுத்திப் பார்த்தார். சட்டென்று என்னிடம் திரும்பினார்.

"தம்பி, ஒரு விஷயம் சொல்றேன், சிரிக்காதீங்க. முப்பத்தஞ்சு வருஷமாக் கல்யாணம் எடுக்குறேன். ஆயிரத்துக்கு மேலே இருக்கும். இதுவரைக்கும் தாலி கட்டுற கணத்தை நான் பாத்ததே இல்லை."

எனக்குப் புரியவில்லை.

"கண்ணாடி மேலே போற நேரம் இருட்டு இல்லையா? சரியான கணத்துலே அமுக்கினேன்னா, அந்தக் கணத்துலே எனக்கு இருட்டு. படத்துலே இருக்கும், கண்ணுலே இருக்காது. கண்ணுலே பாத்துட்டேன்னா, படம் தவறிடுச்சுன்னு அர்த்தம். அப்படிப் பழகின தொழில் தம்பி இது."

ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விநாடி இருக்கும் அந்த இருட்டு. இமைப்பொழுது. நானும் இத்தனை வருஷமாக அந்த ஜாதிக் காமிராவில்தான் வாத்துகளைப் பார்த்திருக்கிறேன். இது ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

"இதுலயும் கொஞ்சம் தடங்கும்பா" என்றான் மகன், உள்ளது உள்ளபடி. "இருட்டே இல்லாம இருக்கணும்னா, 2021-லே வந்த இசட்-9 மாதிரிப் பெரிய காமிராதான். அதெல்லாம் நமக்கு எட்டாது."

"அப்போ அதுலே கணம் தப்பாது. ஆனா பாக்குறது திரைதான், பொண்ணு இல்லை" என்றார் அண்ணன். "எதுலயாச்சும் ஒண்ணு போயிடுது."

திரும்பி வருகிற வழியில், காரில் மகன் தூங்கிவிட்ட பிறகு, நான் நெஞ்சிலிருந்ததைச் சொன்னேன். டி-850-ஐ விற்பதில் வருகிற நஷ்டத்தில் பாதியை நான் கொடுத்துவிடுகிறேன் என்றேன். வளையல் விஷயம் என்னை உறுத்துகிறது என்றேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் லாரி விளக்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"எனக்குக் காமிரா விக்கிற ஏஜெண்டைத் தெரியும், தம்பி. திருச்சியிலே சர்வீஸ் பண்றவரைத் தெரியும். அவங்க ரெண்டு பேரும் அப்பவே புதுசை வாங்கச் சொன்னாங்க. அதுக்கு அப்புறம்தான் உங்ககிட்டே வந்தேன். நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு தெரிஞ்சுதான் வந்தேன். எனக்கு வேணுங்கிற பதிலை உங்க வாயாலே வாங்கிக்கிட்டேன். அதுக்கு நீங்க காசு குடுக்குறதாவது!"

நியாயமாகப் பார்த்தால் இதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. யோசனை சொன்னவன் என்ற பெருமையும் போயிற்று. தவறாகச் சொன்னவன் என்ற பொறுப்பு மட்டும் அப்படியே இருந்தது.

டி-850 போன மாசியில் விலை போயிற்று. வாங்கிய விலையில் பாதிகூட இல்லை. அதோடு கொஞ்சம் சேர்த்து இசட்-6 ஒன்றைப் பழையதாகவே வாங்கினார்கள். பழைய லென்ஸுகளை அதில் மாட்ட நிக்கான் கம்பெனியே ஓர் இணைப்பு வளையம் விற்கிறது. மோட்டாரோடு வந்த லென்ஸுகள் அதில் ஒழுங்காக வேலை செய்கின்றன. அண்ணனின் செல்லமான 85 மில்லிமீட்டர் லென்ஸ் மட்டும் பழைய டி ரகம். உள்ளே மோட்டார் இல்லை. வளையத்தில் மாட்டினால் கையால் திருப்பித்தான் தெளிவு வைக்க வேண்டும். ஆகவே அந்த லென்ஸும் டி-750-உம் ஒன்றாகவே இருக்கின்றன. பரணில் அல்ல, கடை மேஜையின் மேல் இழுப்பறையில். அதை எடைக்குப் போடும் பேச்சே எழவில்லை. மகன் அரியலூருக்குப் போகவில்லை.

கண்ணாடிக் காமிராவின் எதிர்காலத்தைப்பற்றி இப்போது என்னைக் கேட்டால், கேட்காதீர்கள் என்பேன். இருந்தாலும் சபலம் விடாது. புதிதாகச் செய்து குவிக்கிற காலம் அதற்கு முடிந்துவிட்டது. இனி அதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். ஆனால் ஊர் ஊராக லட்சக்கணக்கில் கிடக்கிறவை ஒரே நாளில் குருடாகிவிடா. கற்றுக்கொள்கிற பையனுக்கு மலிவாகக் கிடைக்கும். என்னைப் போன்ற வாத்துக்காரனுக்கு ஆயுளுக்கும் போதும். பிழைப்பு நடத்துகிறவன்தான் காலத்தோடு போயாக வேண்டும்.

ஆவணியில் பெரம்பலூரிலேயே ஒரு கல்யாணம். சாப்பிடப் போன இடத்தில் அப்பனும் மகனும் மேடையில் இருந்தார்கள். கெட்டிமேளம் கொட்டிற்று. மகன் முன்னால் நின்று எடுத்துக்கொண்டிருந்தான். அண்ணன் பக்கத்தில் நின்றார். டி-750 கழுத்தில் தொங்கியது. இரண்டு கையும் சும்மா இருந்தன. அட்சதை அவர் தலையிலும் விழுந்தது.

பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னார்:

"மூணு முடிச்சையும் பாத்தேன் தம்பி. மூணாவதை நாத்தனார்தான் போட்டா."